‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவதற்கு முன்

இயன்முறை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேஸ் ஷீட்டில் நான் அடிக்கடி எழுதிய சொல் ‘ஒத்துழைக்கவில்லை’. பயிற்சி அட்டவணை கொடுத்தேன், செய்யவில்லை. வரச் சொன்ன தேதியில் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. சரி, ஒத்துழைக்கவில்லை, ஃபைலை மூடு.

அப்படி மூடிய ஃபைல் ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. நாள்பட்ட களைப்பு நோய் என்று எழுதி அனுப்பப்பட்ட ஒரு பெண். இரண்டு முறை வந்தார், மூன்றாம் முறை வரவில்லை. பல மாதம் கழித்து வேறு ஏதோ விஷயமாகப் பேச நேர்ந்தபோது, ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டேன். “நீங்க சொன்ன பத்து நிமிஷ நடை பெரிய விஷயமில்ல சார். உங்க ரூமுக்கு வந்துட்டுப் போனா ஒரு வாரம் எந்திரிக்க முடியல” என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குளியல், உடை மாற்றுவது, படிக்கட்டு, பயணம், டியூப்லைட்டுக்குக் கீழே முக்கால் மணி நேரக் காத்திருப்பு, சாய முடியாத நாற்காலி, தலைக்கு மேலே ஓடும் டி.வி., அப்புறம் நான் கேட்ட இருபது கேள்விகள். இத்தனையையும் தாண்டி வந்தவரிடம்தான் நான் நடக்கச் சொல்லியிருக்கிறேன். அவருடைய சிகிச்சையில் மிகக் கடினமான பயிற்சி என் அறைக்கு வருவதுதான். அது என் அட்டவணையில் இல்லவே இல்லை.

இந்த நோய் உள்ள ஒருவரைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்து அங்கேயே இருக்கவைக்க என்ன வழி என்று மருத்துவர்களும் கேட்கிறார்கள், வீட்டில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. நினைப்பையும் பழக்கத்தையும் பேசி மாற்றும், சி.பி.டி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. சக்தியை அளந்து செலவழிக்கும் பேஸிங். தொந்தரவுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்து கொடுப்பது. நான்கையும் இரண்டு கேள்விகளை வைத்து ஒப்பிடுகிறேன். நோயாளியால் அதில் நிலைத்திருக்க முடியுமா? தவறிப்போனால் யார் எவ்வளவு இழப்பார்?

முதலில், நோயைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015-இல் வெளியிட்ட அறிக்கை அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்கிறது. முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் களைப்பு. உழைப்புக்குப் பின் வரும் சரிவு. தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு. இவற்றோடு மூளை மந்தம், நிமிர்ந்து நின்றால் தாளாமை, இந்த இரண்டில் ஒன்றாவது. இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தச் சரிவுதான். நோயாளிகள் அதை ‘க்ராஷ்’ என்கிறார்கள். உடல் உழைப்புக்கு மட்டும் வருவதில்லை. ஒரு மணி நேரம் கவனமாகப் பேசினாலும் வரும், உணர்ச்சிவசப்பட்டாலும் வரும். அது பெரும்பாலும் உடனே வருவதில்லை. சில மணி நேரம் கழித்து வரலாம், ஓரிரு நாள் கழித்தும் வரலாம்.

சிகிச்சையில் நடக்கும் பாதிக் குழப்பம் இந்தத் தாமதத்தால்தான். செவ்வாய்க்கிழமை என் முன்னால் நன்றாக நடந்து காட்டியவரைத்தான் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டில் படுத்திருப்பவரை நான் பார்த்ததில்லை. அவருக்கும் எது எதனால் வந்தது என்று பிடிபடாது. எனக்கு அவர் சோம்பேறி, அவருக்கு நான் கொடுமைக்காரன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அம்மி நகருமா?

‘அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பதுதான் முதல் வழியின் சாரம். இன்று 5 நிமிடம், அடுத்த வாரம் 6, அதற்கடுத்த வாரம் 7. படுத்துப் படுத்து உடம்பு பலம் இழந்துவிட்டது, அசையவே பயம் வந்துவிட்டது, இரண்டையும் பயிற்சியால் மாற்றிவிடலாம் என்பது இதன் பின்னால் இருக்கும் கொள்கை. மூட்டு அறுவைக்குப் பிறகு இதே முறை அழகாக வேலை செய்கிறது. அதனால் எங்களைப் போன்றவர்களின் கை தானாகவே அந்தத் தாளைத்தான் தேடும்.

இதற்குப் பெரிய ஆதாரமாகக் காட்டப்பட்டது பேஸ் (PACE) என்ற பிரிட்டிஷ் ஆய்வு. 641 நோயாளிகள், நான்கு பிரிவுகள், 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள். 2013-இல் வந்த அடுத்த கட்டுரை, பயிற்சிப் பிரிவிலும் சி.பி.டி பிரிவிலும் 22 சதவீதம் பேர் குணமடைந்தார்கள் என்றது. குணத்தை எப்படி அளந்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். உடல் செயல்பாட்டு மதிப்பெண் 100-க்கு 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேர முடியும். குணமானதாகச் சொல்ல 60 இருந்தால் போதும். அந்த ஒரு அளவில் மட்டும் பார்த்தால், சேர்ந்தபோது இருந்ததைவிட மோசமாகிவிட்ட ஒருவர்கூடத் தேறியவராகக் கணக்கில் வரலாம். தரவைக் கேட்டு ஒரு நோயாளி விடாமல் போராடினார். 2016-இல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. ஆய்வாளர்களே முதலில் எழுதிவைத்திருந்த அளவுகோலை வைத்து மற்றவர்கள் திரும்பக் கணக்கிட்டபோது சி.பி.டி பிரிவில் 7 சதவீதம், பயிற்சிப் பிரிவில் 4, சிறப்பு மருத்துவரைப் பார்ப்பதோடு நிறுத்தியவர்களில் 3. அம்மி இருந்த இடத்திலேயே இருந்தது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-இல் இந்தப் பரிந்துரையைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2007-இல் தானே பரிந்துரைத்ததை 2021 அக்டோபரில் திரும்பப் பெற்றது. நிர்ணயித்த அளவில் கூட்டிக்கொண்டே போகும் எந்தப் பயிற்சித் திட்டத்தையும் இந்த நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியது.

நோயாளி நிலைப்பாரா என்ற என் முதல் கேள்விக்கு இந்த வழி மிக மோசமான பதிலைத் தருகிறது. நான் பார்த்தவரை அதிகம் அடிபட்டவர்கள் அட்டவணையை மதித்தவர்கள்தான். சொன்னதைச் செய்தார்கள், விழுந்தார்கள், அடுத்த வாரம் ஒரு நிமிடம் கூட்டிச் செய்தார்கள், இன்னும் ஆழமாக விழுந்தார்கள். பாதியில் ஓடியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஒத்துழைத்ததற்கு நாம் கொடுத்த கூலி அது என்றால், ஓடியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மனதின் வழி

சி.பி.டி விஷயத்தில் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது இரண்டு வேறு சிகிச்சை. ‘உன் நம்பிக்கைகள்தான் உன்னைப் படுக்கவைத்திருக்கின்றன, அவற்றை மாற்றினால் எழுந்துவிடுவாய்’ என்று கொடுத்தால் அது முதல் வழியின் உடன்பிறப்பு. நெதர்லாந்தில் நடந்த மூன்று ஆய்வுகளின் தரவை 2010-இல் சேர்த்துப் பார்த்தார்கள். சி.பி.டி முடித்தவர்கள் களைப்பு குறைந்ததாகச் சொன்னார்கள். உடம்பில் கட்டியிருந்த அசைவு அளவியோ நடமாட்டம் கூடியதாகக் காட்டவில்லை. அவர்கள் சொன்னது பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. களைப்போடு வாழும் விதம் கொஞ்சம் லேசாகியிருக்கலாம், நோய் நகரவில்லை.

இன்னொரு விதமாகக் கொடுத்தால் உதவும். வேலை போன துக்கம், நண்பர்கள் விலகிய கசப்பு, ‘இன்றைக்கு நன்றாக இருக்கிறேனே, எல்லாவற்றையும் செய்துவிடலாமா’ என்ற பரபரப்பு, இவற்றையெல்லாம் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். நைஸ் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: விரும்புகிறவர்களுக்குத் துணையாகக் கொடுங்கள், குணப்படுத்தும் என்று சொல்லாதீர்கள்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. வருடக்கணக்காக ‘எல்லாம் நார்மல்’ என்று கேட்டு வந்தவரிடம் முதல் சந்திப்பிலேயே மனநல ஆலோசகரின் சீட்டை நீட்டினால், அவர் காதில் ‘எல்லாம் மனப்பிரமை’ என்றுதான் விழும். அப்புறம் நீங்கள் என்ன விளக்கினாலும் வேலைக்கு ஆகாது. நான்காவது, ஐந்தாவது சந்திப்பில் அவரே “பேசறதுக்கு யாராவது இருக்காங்களா” என்று கேட்கும்போது கொடுத்தால் அதே சீட்டுக்கு வேறு மதிப்பு.

அளந்து போடு

மூன்றாவது வழிக்கும் நம்மிடம் பழமொழி உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் லெனர்ட் ஜேசனும் அவர் குழுவினரும் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் கிட்டத்தட்ட இதுதான்: இருக்கும் சக்திக்கும் செலவழிக்கும் சக்திக்கும் இடையில் பெரிய இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்பவர்கள் குறைவாகவே விழுகிறார்கள். ஊற்று மெதுவாக ஊறும் கிணறு. அடிவரை இறைத்துவிட்டால் மறுநாளும் வாளியில் சேறுதான் வரும்.

குளியலை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது பத்து நிமிட வேலை. இந்த நோயாளிக்கு அது நிற்பது, குனிவது, கையைத் தலைக்கு மேலே தூக்குவது, வெந்நீரின் சூடு, துவட்டுவது, உடை மாற்றுவது என்று ஆறு வேலைகள். குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டால் நிற்பது குறையும். தண்ணீரின் சூட்டைக் குறைத்தால் தலைசுற்றல் குறையும். தலைக்குக் குளிப்பதை வேறு நாளுக்குத் தள்ளலாம். துவட்டுவதற்குப் பதில் ஒரு பெரிய டவலைச் சுற்றிக்கொண்டு படுத்துவிடலாம், அது தானாகக் காயும். உடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை ஒருவரோடு உட்கார்ந்து ஒருமுறை பிரித்துப் பார்த்தால், அடுத்த வாரம் அவரே சமையலையும் போன் பேச்சையும் பிரித்துக்கொண்டு வருவார். சிகிச்சையில் அவருடைய ஈடுபாடு தொடங்குவது அங்கேதான். நான் கொடுத்த தாளாக இருந்தது அவர் போட்ட கணக்காக மாறுகிறது.

கையில் கட்டும் நாடித்துடிப்பு வாட்ச் இதற்கு நல்ல துணை. அமெரிக்காவில் இந்தச் சரிவை ஆராயும் வொர்க்வெல் அறக்கட்டளை, ஓய்வில் இருக்கும் துடிப்போடு 15 சேர்த்து அதைத் தாண்டாமல் இருக்கச் சொல்கிறது. ஓய்வில் 70 என்றால் 85-இல் அலாரம். ஒருவருக்கு அலாரம் எப்போதெல்லாம் அடிக்கிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். பட்டியலில் முதலாவதாக இருந்தது, நின்றபடி பல் துலக்குவது. எங்கள் இரண்டு பேருக்குமே அது செய்தி. எல்லோருக்கும் இந்த எண் பொருந்தாது. நின்றாலே துடிப்பு எகிறுபவர்களுக்கு வாட்ச் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும், அது வேறு மனவேதனை. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவாது.

டைரி எழுதச் சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணிக்கு மணி எழுதச் சொல்லாதீர்கள். எழுதுவதும் செலவுதான். காலையில் ஒரு எண், இரவில் ஒரு எண், க்ராஷ் வந்த நாளில் ஒரு பெருக்கல் குறி. மூன்று வாரத்தில் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு நாள் முன்னால் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால் போதும்.

இந்த வழியின் குறைகளை மறைக்க மாட்டேன். இது நோயைக் குணமாக்காது. பலருக்குச் சரிவுகள் குறையும், சிலருக்கு மெல்ல இடம் விரியும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. பாதி வேலையில் நிறுத்தச் சொல்வது சலிப்பான வைத்தியம். மிக ஆபத்தான நாள் நன்றாக இருக்கும் நாள்தான். அன்றுதான் கணக்கு காற்றில் பறக்கும். இன்னொன்று, அளந்து செலவழிக்க ஓரளவு வசதி வேண்டும். குழந்தையைத் தூக்க வேறு கை இல்லாதவரிடம், விடுப்பு எடுத்தால் வேலை போகும் என்பவரிடம் ‘ஓய்வெடுங்கள்’ என்பது வெறும் பேச்சு. அப்படிப்பட்டவருக்கு என் அறிவுரையைவிட அவருடைய மேலதிகாரிக்கு நான் எழுதிக்கொடுக்கும் ஒரு பக்கக் கடிதம் பெரிய சிகிச்சை.

காகிதத்தில் ஒரு எண்

நான்காவது வழி தொந்தரவுகளைத் தனித்தனியாகப் பார்ப்பது. தூக்கம், வலி, தலைசுற்றல். நோயின் வேரைத் தொடும் மருந்து இன்றுவரை உறுதியாகவில்லை. ரிடுக்ஸிமாப் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. நார்வேயில் 151 பேரிடம் நடத்திய ஆய்வு 2019-இல் பயனில்லை என்று காட்டியது. ஆனால் ஒருவரைச் சிகிச்சையில் தங்கவைக்க இந்த வழியைப் போல வேகமானது வேறில்லை, அதற்குக் காரணம் ஒரு எளிய சோதனை.

நோயாளியைப் படுக்கவைத்து நாடியும் ரத்த அழுத்தமும் எடுக்க வேண்டும். பிறகு சுவரில் லேசாகச் சாய்ந்து பத்து நிமிடம் நிற்கச் சொல்லி, நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குத் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் ஏறி அப்படியே நின்றால், அழுத்தமும் விழவில்லை என்றால், பாட்ஸ் எனப்படும் கோளாறாக இருக்கலாம். முடியவில்லை என்று சொன்னால் உடனே நிறுத்த வேண்டும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். எண்கள் ஒழுங்காக இருந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. நெதர்லாந்தில் 429 நோயாளிகளைச் சாய்மேசையில் (படுத்தவரை அப்படியே நிமிர்த்தும் மேசை) நிறுத்தி மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அளந்த 2020 ஆய்வில், அது சராசரியாக 26 சதவீதம் குறைந்தது. நலமானவர்களுக்கு 7 சதவீதம். துடிப்பும் அழுத்தமும் இயல்பாக இருந்தவர்களிலும் இந்தக் குறைவு தெரிந்தது.

வருடங்களாக நார்மல் ரிப்போர்ட்களைச் சுமந்து திரிந்த ஒருவர் முன்னால் ‘படுத்தால் 72, நின்றால் 110’ என்று எழுதி வைத்துப் பாருங்கள். என் அறையில் பலர் அழுதது அந்தத் தாளைப் பார்த்துத்தான். அதன் பிறகு தண்ணீர், உப்பு, இறுக்கமான காலுறை, தேவைப்பட்டால் மருந்து என்று மருத்துவர் சொல்வதைக் கேட்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் உப்பை இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. மருந்துகளை வழக்கத்தைவிடக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். இந்த நோயாளிகளில் பலருக்குச் சாதாரண அளவே தாங்காது. முதல் மாத்திரையிலேயே அவதிப்பட்டவர் இரண்டாவதை வாங்க வர மாட்டார்.

எந்த வழி என்பதோடு, எங்கே எப்படி என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வீடியோவில் பத்து நிமிடம் போதும். கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டே பேசட்டும். கேள்விகளை முந்தின நாளே செய்தியாக அனுப்பிவிட்டால் பதிலை அவர் நிதானமாக யோசித்து வைத்திருப்பார். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது; போனாலும் மெல்லிய குரலில், குறைந்த வெளிச்சத்தில், சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும். குழுச் சிகிச்சை சிலருக்குப் பெரிய ஆறுதல், ஆனால் எட்டுப் பேர் பேசுவதைக் கேட்பது பலருக்கு ஒரு வார க்ராஷ். உடல்நிலை மோசமாகி வர முடியாமல் போனவரைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள், ஏன் வர முடியவில்லை என்று பேசுங்கள் என்று நைஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. இதற்கெல்லாமா வழிகாட்டுதல் என்று தோன்றலாம். என் பழைய கேஸ் ஷீட்களைப் பார்த்தால் தேவைதான் என்று புரியும்.

யாராவது என்னிடம் நேராகக் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. முதல் சந்திப்பில் நம்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, இயன்றால் அந்தச் சுவர்ச் சோதனை. இரண்டாவதில் குளியல் போல ஒரே ஒரு வேலையை மட்டும் பிரித்துப் பார்ப்பது. தூக்கமோ வலியோ மிகவும் படுத்துவதாக இருந்தால் அதற்கு மருந்து. ஆலோசகர், அவர் கேட்கும்போது. கூட்டிக்கொண்டே போகும் பயிற்சி கிடையாது.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். “கொஞ்சம் மனசு வெச்சா முடியும்” என்பதை விட்டுவிடுங்கள். “இன்னைக்கு எது முக்கியம், எதை நான் பார்த்துக்கட்டும்” என்று கேளுங்கள். மருத்துவரிடம் போகும்போது கூடப் போய்ப் பேசுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குப் பாதி ஞாபகம் நிற்காது. அவர் சார்பில் பேசலாம், ஆனால் அவரை முந்திக்கொண்டு பேச வேண்டாம்.

கடைசியாக, என்னைத் தடுமாறவைக்கும் ஒரு வகை நோயாளி உண்டு. “சார், எனக்கு நடக்கணும், ஏதாவது பயிற்சி கொடுங்க” என்று அவரே கேட்பவர். முன்பு அப்படிக் கேட்டால் சந்தோஷமாகத் தாளை எடுத்திருப்பேன். நைஸ் இதை அடியோடு மூடவில்லை. அன்றாட வேலைகளுக்கு மேல் கொஞ்சம் போகத் தயார் என்று நோயாளியே உணர்ந்தால், தெரிந்த இயன்முறை மருத்துவரின் பார்வையில் தனக்கென்று வகுத்த திட்டமாகச் செய்யலாம் என்கிறது. இப்போது நான் மூன்று நிபந்தனை வைக்கிறேன். கடந்த ஒரு மாதத்தில் க்ராஷ் வந்திருக்கக் கூடாது. தொடக்க அளவு, ‘இதுவா பயிற்சி’ என்று அவர் சிரிக்கும் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும், முதலில் படுத்த நிலையிலேயே. அடுத்த மூன்று நாள் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்காமல் ஒரு வினாடிகூடக் கூட்டக் கூடாது. எண்ணை ஏற்றுவது அவர், இறக்குவதும் அவர். சென்ற முறை ஒருவர் படுத்தபடி காலை நான்கு தடவை மடக்கி நீட்டுவதில் தொடங்கினார். இரண்டு மாதம் கழித்து இப்போதும் நான்குதான். க்ராஷ் இல்லை, வீடியோ அழைப்பு ஒன்றையும் தவறவிடவில்லை.